யாருக்குத் தெரிந்த உதாரணம்?

மலேசியாவின் பத்து காஜா ஊரில் கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், பெரியவர்கள் யாராவது ஒருவர் கட்டாயம் இந்த ஆலோசனையைத் தருவார்: “நம்ம பிள்ளைங்களுக்கு ரப்பர் மரத்த வச்சுச் சொல்லிக் குடுங்க டீச்சர், டக்குனு புரியும்.” அன்போடு சொல்வதுதான். சொல்கிறவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். விடியுமுன்னே பிரட்டுக் களத்தில் நின்று, நிரை பிடித்து, பால் வெட்டியவராக இருப்பார். இல்லாவிட்டால் வெட்டியவர்களின் பிள்ளையாக இருப்பார். என்னிடம் படிக்க வருவதோ அவருடைய பேரப்பிள்ளைகள். தோட்டத்துக்கு வெளியே, தாமான் வீட்டில் பிறந்தவர்கள். அவர்கள் பார்த்து வளர்ந்த மரம், காரில் போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக ஓடிவரும் செம்பனை. மங்கு, ஒட்டுப்பால், காண்டா வாளி எல்லாம் அவர்களுக்குப் பாட்டி சொல்லும் கதையில் வருகிற சாமான்கள்.

ரப்பர் மோசமான உதாரணம் என்று சொல்ல மாட்டேன். படிவம் ஐந்து வேதியியலிலேயே அது இருக்கிறது. பாலில் மிதக்கும் ரப்பர் துகள் ஒவ்வொன்றையும் சுற்றி எதிர்மின்னூட்டம் கொண்ட புரதப் படலம் உண்டு. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே நிற்கும். பார்மிக் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடும். துகள்கள் மோதும், படலம் கிழியும், பால் உறையும். அமோனியா கலந்தால் உறையாமல் நிற்கும். ஏன் அதிகாலையில் பால் வெட்டினார்கள் என்பதற்குள்ளும் ஒரு உயிரியல் பாடம் இருக்கிறது. வெயில் ஏறுமுன் இலைகள் நீரை அதிகம் வெளியே விடுவதில்லை. மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக இறங்கும். பாட்டிக்கு இது வேலையிலேயே தெரிந்த விஷயம். பேத்திக்கு மரம், உளி, மங்கு எல்லாவற்றையும் முதலில் விளக்கிவிட்டுத்தான் அழுத்தத்துக்கே வர முடியும். உதாரணத்துக்கே ஒரு உதாரணம் தேவைப்பட்டால் அதனால் என்ன லாபம்?

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்திய முகத்தைப் பார்த்ததும் தோட்டத்து உதாரணத்தை எடுத்து நீட்டினால், அது புரியவைப்பதற்காகவா, நீ எங்கிருந்து வந்தவன் என்று நினைவூட்டுவதற்காகவா என்று பிள்ளைக்குச் சந்தேகம் வரும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு மூக்கு நுனியில் ரோஷம் இருக்கும். தன் வகுப்பில் சீனப் பிள்ளைக்குக் கணினி உதாரணம், தனக்கு மட்டும் மரமா என்று கேட்காமலே கேட்கும்.

உதாரணம் பிள்ளைக்குப் பொருந்தாத இந்தச் சிக்கல் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். கையில் இருந்த தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை. ரப்பர் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்து, கண்ணால் காணாத ஆற்றையும் அரசர்களையும் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். 1956-இல் வந்த ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிக்கும் பொதுவான, இந்த நாட்டைச் சார்ந்த பாடத்திட்டம் வேண்டும் என்றது. உதாரணங்களும் மெல்ல இந்த மண்ணுக்கு இறங்கி வந்தன. நூறு வருடத்துக்குள் கதை தலைகீழாகிவிட்டது பாருங்கள். அன்று ரப்பர் காட்டுப் பிள்ளைக்கு ரப்பர் இல்லாத புத்தகம். இன்று ரப்பர் தெரியாத பிள்ளைக்கு ரப்பர் உதாரணம்.

என் சனிக்கிழமை இணைய வகுப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, டியூஷன் மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் அப்படியே கூகல் மீட்டுக்குள் போனார்கள். பிறகு ஒருவர் சொல்லி ஒருவராகச் சேர்ந்தார்கள். ஈப்போ புந்தோங், கேமரன் மலை, சுங்கை சிப்புட், யாழ்ப்பாணம், சென்னை, லண்டன். தமிழில் அறிவியல் கேட்க வேண்டும் என்பது ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. எனக்கு இரவு எட்டு மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை ஐந்தரை, லண்டனில் குளிர்காலத்து நண்பகல். என்னை டீச்சர் என்பார்கள், மிஸ் என்பார்கள், மேடம் என்பார்கள். கேமரா பாதிப் பேருக்கு அணைந்திருக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் ஒரு புருவம் சுருங்குவதைப் பார்த்து உதாரணத்தை மாற்றிவிடலாம். திரையில் பெயரின் முதல் எழுத்துதான் என்னைப் பார்க்கிறது. உதாரணம் போய்ச் சேரவில்லை என்றால் யாரும் சொல்வதில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் வருவதில்லை, அவ்வளவுதான்.

கணக்குக்கு அழகாகப் பொருந்துகிற உதாரணமே சில வேளை வகுப்புக்குப் பொருந்தாது. நிகழ்தகவில் எதிர்பார்ப்பு மதிப்பைச் சொல்லிக்கொடுக்க, மலேசியாவில் நாலு நம்பரைவிட நல்லது கிடைக்காது. 0000-லிருந்து 9999 வரை 10,000 எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. ‘பெரிசு’ கட்டினால் ஒரு ரிங்கிட்டுக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. மொத்தம் 6,400. அதைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 64 காசு. ஒரு ரிங்கிட் கட்டுகிறவருக்குச் சராசரியாகத் திரும்பி வருவது இதுதான். கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பரிசுப் பட்டியலையும் ஒரு வகுத்தல் கணக்கையும் வைத்து முழுப் பாடத்தையும் முடித்துவிடலாம்.

ஆனால் அந்தத் திரையில் யார் யார் இருக்கிறார்கள்? ஓர் இந்திய முஸ்லிம் பிள்ளை இருக்கிறாள். அவள் வீட்டில் இது ஹராம். சென்னைப் பையனுக்கு லாட்டரிக் கடை எப்படி இருக்கும் என்றே தெரியாது. தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் அப்பாவின் சம்பளம் பாதி அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு 64 காசு என்பது வெறும் விடையாக இருக்காது. பத்து காஜாவில் நேரில் வருகிற மூத்த பிள்ளைகளோடு நாலு நம்பரைப் பேசுவேன். அவர்கள் வீடு எனக்குத் தெரியும். பேச வேண்டிய விஷயமும் கூட. இணைய வகுப்பில் அதே கணக்கைக் கைப்பேசித் திரைக்கான காப்புறுதியாக மாற்றிவிடுகிறேன். வருடத்துக்கு இவ்வளவு கட்டணம், திரை உடையும் வாய்ப்பு இவ்வளவு, மாற்றும் செலவு இவ்வளவு, கட்டலாமா, வேண்டாமா? சூத்திரம் மாறவில்லை. யாரும் தலைகுனிய வேண்டியதும் இல்லை.

வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற கேள்விகளையும் இதே காரணத்துக்காகத் தள்ளிவைத்திருக்கிறேன். ‘உன் படுக்கையறையின் பரப்பளவைக் கண்டுபிடி’ என்பது பல பயிற்சித் தாள்களில் வரும். தனக்கென்று அறை இல்லாத பிள்ளை, இல்லாத அறைக்கு அளவு எழுதி அனுப்பும். பொது இடத்தை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. பூப்பந்துத் திடல் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். ஆண்கள் கபடித் திடல் 13-க்கு 10. எது பெரிசு, எத்தனை விழுக்காடு பெரிசு? மலேசியப் பிள்ளைக்கு முதலாவது பழக்கம், சென்னைப் பிள்ளைக்கு இரண்டாவது. காசு உதாரணங்களிலும் கவனம் தேவை. மூன்று ரிங்கிட் நாசி லெமாக் எனக்குச் சாதாரணம். மூன்று ரூபாய்க்குச் சாப்பாடு என்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை சிரித்துவிடும். எண்ணின் அளவே கவனத்தைத் திருப்பிவிடுகிறது.

சரி, அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வாழ்கிற இடத்திலிருந்தே உதாரணம் எடுத்துக் கொடுத்துவிட்டால் போதுமா? இதற்கு பிரேசிலிலிருந்து ஒரு பழைய ஆய்வு பதில் சொல்கிறது. ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காயும் தின்பண்டமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போலப் பேசிக் கணக்குக் கேட்டார்கள். 1985-இல் அது வெளியானது. வியாபாரத்துக்கு நடுவே கேட்ட கேள்விகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. ஒரு பிள்ளை 35 வீதம் நான்கு தேங்காய்க்கு 140 என்று வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, தாளில் 35 பெருக்கல் 4-க்கு 200 என்று எழுதியது. மனத்தில் கூட்டிக் கூட்டிப் போன வழி வேறு. பள்ளியில் சொல்லிக்கொடுத்த, மேலே எண்ணைத் தூக்கிப் போடுகிற வழி வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் காட்டித் தரவில்லை.

தெரிந்த உதாரணத்தில் இருக்கிற ஆபத்து இதுதான். பிள்ளை அந்தப் பொருளுக்குள்ளேயே சௌகரியமாகத் தங்கிவிடும். தேங்காய்க் கணக்கு தேங்காயோடு நின்றுவிடும்.

மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளில்தான் எனக்கு வழி கிடைத்தது. ஒரு கோட்டையைப் பிடிக்கப் போகும் தளபதி, எல்லா வீரர்களையும் ஒரே சாலையில் அனுப்பாமல் பல சாலைகளில் சிறு சிறு குழுக்களாக அனுப்பி நடுவில் ஒன்றுசேர்க்கிறான். இந்தக் கதையைப் படித்தவர்களிடம், கட்டியை மட்டும் அழித்துச் சுற்றியுள்ள தசையைக் காப்பாற்ற கதிர்வீச்சை எப்படிச் செலுத்தலாம் என்று கேட்டார்கள். விடை கதையிலேயே இருக்கிறது. பல பக்கத்திலிருந்து மெல்லிய கதிர்களை விட வேண்டும். ஆனாலும் கதையை நினைத்துப் பார் என்று சொல்லாதவரை பெரும்பாலோருக்கு அது தோன்றவில்லை. ஒரே கருத்துள்ள, மேலுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு கதைகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னபோதுதான் கூடுதல் பேருக்கு உள்ளே இருந்த சூத்திரம் பிடிபட்டது.

இதைப் படித்ததிலிருந்து எல்லோருக்கும் பொதுவான ஓர் உதாரணத்தைத் தேடுவதை விட்டுவிட்டேன். ஒரு கருத்துக்கு இரண்டு உதாரணம். இரண்டும் வேறு வேறு ஊரிலிருந்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதோ ஒன்றில் கால் பதியும், இன்னொன்று புதிதாக இருக்கும். ‘இது ரெண்டும் எதுல ஒண்ணு, எதுல வேற?’ என்ற கேள்விதான் பாடம்.

சுண்ணாம்புக் கல்லைப் பாருங்கள். கிந்தா பள்ளத்தாக்கில் எங்கே திரும்பினாலும் சுண்ணாம்புக் குன்று நிற்கும். கோப்பேங் பக்கத்தில் குவா தெம்புரோங் குகைக்குள் போனால் கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, பாறையின் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது அந்த வாயு வெளியேறி, கரைந்த கல் மறுபடியும் கல்லாகப் படிகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இப்படிக் குன்று கிடையாது. ஆனால் அவள் காலுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல்தான். நிலாவரைக் கிணறு பாறை கரைந்து உண்டான பள்ளம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துக் கேத்திலுக்குள் வெள்ளையாக ஒரு படலம் பிடித்திருக்கும். குகையில் நூற்றாண்டுகள் எடுக்கிற வேலையைக் கேத்தில் சூட்டால் சீக்கிரமாக முடிக்கிறது. ஈப்போப் பிள்ளைகளுக்குக் குகை தெரியும், கேத்தில் படலம் தெரியாது. அவளுக்கு நேர்மாறு. அன்றைக்கு இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். எனக்கு வேலை குறைவு.

அதோடு முடியவில்லை. மூன்றாவது உதாரணத்தைப் பிள்ளைகள்தான் தேடித் தர வேண்டும் என்பது என் வகுப்பு வழக்கம். புந்தோங் பையன் கேட்டான்: “டீச்சர், பாட்டி வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு டப்பாவுல காஞ்சு கல்லாயிடுதே, அதுவும் இதானா?” அருமையான கேள்வி. கடைசியில் கிடைப்பது அதே கால்சியம் கார்பனேட்தான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு; அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கிக்கொண்டு கல்லாகிறது. கேத்திலிலோ அந்த வாயு வெளியேறினால்தான் கல் படிகிறது. திசை எதிர். பாதி பொருந்துகிற இந்த மூன்றாவது உதாரணத்தில்தான் சமன்பாடு உண்மையில் புரிந்ததா என்று எனக்குத் தெரிந்தது. நானே யோசித்து வைத்திருந்தால் இதை எடுத்திருக்கவே மாட்டேன்.

ஊர் வேறுபாட்டையே உதாரணமாக்குகிற பாடங்களும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது நிழல் கணக்கு. ஜூன் 21 வாக்கில், அவரவர் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு நிழலை அளக்க வேண்டும். முதல் ஆச்சரியம் நேரத்திலேயே வந்துவிடும். பத்து காஜாவில் உச்சி வேளை பன்னிரண்டு மணிக்கு வராது, ஒன்றேகாலுக்கு மேல்தான் வரும். நம் கடிகாரம் கிழக்கே தள்ளியிருக்கிற நேரத்தைக் காட்டுகிறது. சென்னையில் பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிடம் வாக்கில் வந்துவிடும். நிழல் பத்து காஜாவில் சுமார் 34 சென்டிமீட்டர், யாழ்ப்பாணத்தில் 25, சென்னையில் 18, லண்டனில் 53. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு ஏன் சென்னையைவிட நீளமான நிழல்? நம் நிழல் ஏன் தெற்கே விழுகிறது, லண்டன் நிழல் ஏன் வடக்கே விழுகிறது? அந்த மாதம் சூரியன் கடக ரேகையின் தலைக்கு மேல் நிற்கிறது; நாம் அதிலிருந்து 19 பாகை தள்ளி இருக்கிறோம், சென்னை பத்துப் பாகைக்குச் சற்று மேல். இரண்டு கோணத்துக்கும் வித்தியாசம் சுமார் 8.6 பாகை, வடக்கு தெற்காக இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 955 கிலோமீட்டர். 360-ஐ 8.6-ஆல் வகுத்து 955-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர் வாக்கில் வரும். பூமியின் சுற்றளவு! எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துச் செய்ததைப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் செய்து முடிக்கிறார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் மட்டும் இருந்தால் இந்தப் பாடத்தை நடத்தவே முடியாது.

பத்து காஜாப் பெருமையை முழுக்க விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கிற, ஈயம் தோண்டிய கப்பல் எங்கள் மிதப்புப் பாடத்தின் கதாநாயகன். 1938-இல் கட்டியது, 1982 வரை ஓடியது. எடை 4,500 டன். அதைத் தாங்கிய மிதவை 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கும்? மிதவையை ஒரு பெட்டியாக வைத்துக்கொண்டால் 1.7 மீட்டர் வருகிறது. இதற்கு ஜோடியாகச் சென்னைத் துறைமுகத்துச் சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில் போட்டிருக்கும் சுமைக் கோட்டை வைக்கிறேன். நம்மூர்ச் சாமான் உலக வகுப்பில் நன்றாகவே எடுபடும், கூட ஒரு துணை இருந்தால்.

எதற்கெடுத்தாலும் உதாரணம் தேடுகிற பழக்கமும் அளவோடு இருக்க வேண்டும். 2008-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், பீட்சா துண்டு, அளவுக் கோப்பை என்று கண்ணுக்குத் தெரிகிற பொருள்களை வைத்துக் கற்றவர்களைவிட, வெறும் குறியீடுகளில் கற்றவர்கள் புதிய இடத்தில் அந்த விதியை நன்றாகப் பயன்படுத்தினார்கள். அதற்கு மறுப்புகளும் வந்தன. என் அனுபவத்தில் இயற்கணிதத்தில் அடைப்புக்குறியைத் திறக்கிற மாதிரி விஷயங்களுக்கு மாங்காய், தேங்காய் எல்லாம் குறுக்கே நிற்கும். நேராகச் செய்து காட்டிவிடுவது மேல்.

புதிதாக இணைய வகுப்பு தொடங்கும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் பட்டியல் கேட்கிறார்கள்: எந்த ஊர்ப் பிள்ளைக்கு எந்த உதாரணம்? அப்படி ஒரு பட்டியல் என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டேன். எஸ்.பி.எம். தேர்வுத் தாளில் கேள்வி போடுகிறவருக்கு உங்கள் மாணவர் பால்மரம் பார்த்தவரா, பனி பார்த்தவரா என்று தெரியாது. அவர் எதையாவது எடுத்துப் போடுவார். கப்பலோ, பாரந்தூக்கியோ, கேள்விப்பட்டிராத ஒரு பழமோ. தூரத்து ஊர்களின் இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றாவதைத் தானே தேடிப் பழகிய பிள்ளை, அந்தப் பழத்தின் பெயரைப் பார்த்துப் பதறாது. அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கைப் பார்க்கும்.